டன்னுக்கு 295 ரூபாய்: நிலக்கரி ஒதுக்கீட்டின் எண்கள் செய்தியான விதம்

628 கோடியே 25 லட்சம் டன் நிலக்கரி. டன்னுக்கு ரூ. 295.41. இரண்டையும் பெருக்கினால் ரூ. 1,85,591 கோடி வரும். கையில் கைபேசி உள்ள எவரும் இதை ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். 2012 ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசு ஏலமில்லாமல் சுரங்கங்களைத் தனியாருக்கு ஒதுக்கியது பற்றி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையின் 1.86 லட்சம் கோடி என்பது இந்த ஒரு பெருக்கல்தான். அதற்குப் பிறகு 2014 தேர்தல் வரை தொலைக்காட்சி விவாதங்களும் தேர்தல் மேடைகளும் இந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லின. 628 கோடி டன் எங்கே இருந்தது, 295 ரூபாய் எப்படி வந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஒதுக்கீடு ஒழுங்காக நடந்தது என்று வாதாட இதை எழுதவில்லை. அது ஒழுங்காக நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே பின்னால் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்தும். என் கவலை வேறு. உண்மையிலேயே தவறு நடந்த ஓரிடத்தில் ஊதிப் பெருத்த எண்ணையும் பொருந்தாத சொல்லையும் பிடித்துக்கொண்டால், தவறு செய்தவர்கள் அந்த எண்ணை மறுத்துவிட்டு எளிதாக நழுவிவிடுகிறார்கள். நிலக்கரி விஷயத்தில் அதுதான் நடந்தது. பிறகு ஆட்சி மாறியபோது எதிர்த்திசையிலும் அதே நடந்தது.

ஒதுக்கிய முறை

நிலக்கரிச் சுரங்கங்கள் 1970களில் நாட்டுடைமையாயின. 1993இல் சட்டத்தைத் திருத்தி, மின் உற்பத்தி நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தேவைக்குச் சுரங்கம் நடத்த வழி செய்தார்கள். இரும்பு, எஃகு நிறுவனங்களுக்கு அந்த வசதி முன்பே இருந்தது. எந்தச் சுரங்கம் யாருக்கு என்று முடிவு செய்ய ஸ்கிரீனிங் கமிட்டி ஒன்று அமைந்தது. ஏலம் கிடையாது. விண்ணப்பம், மாநில அரசின் பரிந்துரை, அமைச்சகங்களின் கருத்து, பிறகு கூட்டம். விண்ணப்பித்தவர்களை எந்த அளவுகோலால் ஒப்பிட்டார்கள், ஒருவரை விட்டு இன்னொருவரை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குக் கூட்டக் குறிப்புகளில் பதில் இல்லை. மொத்த விவகாரத்தின் மையமே இதுதான். ஆனால் இதைத் தலைப்புச் செய்தியாக்குவது கடினம்.

ஏலத்துக்கு மாறலாம் என்ற யோசனையை அரசு 2004 ஜூனிலேயே வெளியில் சொல்லிவிட்டது. அப்போதைய நிலக்கரித் துறைச் செயலர் பி.சி. பாரக், அரசு நிறுவனமான கோல் இந்தியா விற்கும் விலைக்கும் சொந்தச் சுரங்கத்தில் ஆகும் செலவுக்கும் பெரிய இடைவெளி இருப்பதால் சுரங்கம் பெறுபவருக்கு எதிர்பாராத பெரும் லாபம் கிடைக்கிறது என்று அதே ஆண்டு ஜூலையில் குறிப்பு எழுதினார். சட்டத் திருத்தம் வந்தது 2010இல். விதிமுறைகள் வந்தது 2012 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய முறையிலேயே சுரங்கங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. நிலக்கரி வளமுள்ள மேற்கு வங்கம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களை அப்போது ஆண்ட எதிர்க்கட்சிகள் ஏலத்தை எதிர்த்தன என்பது மத்திய அரசின் பதில். அது பொய்யில்லை. ஆனால் ஆறேழு ஆண்டுத் தாமதத்துக்கு அது முழு விடையும் இல்லை.

10.67 லட்சம் கோடி

இறுதி அறிக்கைக்கு ஐந்து மாதம் முன்பு, 2012 மார்ச் 22 அன்று, சிஏஜியின் வரைவு ஓர் ஆங்கில நாளிதழில் கசிந்தது. அதிலிருந்த எண் ரூ. 10.67 லட்சம் கோடி. அன்றே நாடாளுமன்றம் அமளியில் முடங்கியது.

அந்த எண் வந்த வழியைப் பார்க்க வேண்டும். வரைவு, தனியார் நிறுவனங்களோடு அரசு நிறுவனங்களையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தது. 10.67இல் தனியார் பங்கு சுமார் 4.79 லட்சம் கோடி, மீதி 5.88 லட்சம் கோடி அரசு நிறுவனங்களுடையது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு மின்சார வாரியமும் இருந்தது. சத்தீஸ்கரின் காரே பெல்மா இரண்டாம் பிரிவுச் சுரங்கம் மகாராஷ்டிர அரசின் சுரங்கக் கழகத்துக்கும் நம் மின்வாரியத்துக்கும் கூட்டாக ஒதுக்கப்பட்டிருந்தது. மகாதமிழ் என்ற பெயரில் கூட்டு நிறுவனமும் உருவானது. மத்திய அரசின் நிலக்கரி ஒரு மாநில மின்வாரியத்துக்கு மலிவாகக் கிடைப்பதும், ஒரு தனியார் எஃகு ஆலைக்குக் கிடைப்பதும் ஒரே கூட்டல் கணக்கில் வந்தன. வரைவின் மொழியில் அது முறையற்ற ஆதாயம். செய்தியில் அதுவே நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டமாயிற்று.

2011 மார்ச் விலையை வைத்தால்தான் 10.67 வரும், ஒதுக்கீடு நடந்த ஆண்டுகளின் விலையை வைத்தால் 6.31 லட்சம் கோடி என்று அதே வரைவில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஒரே ஆவணம், இரண்டு எண்கள். பெரியது முதல் பக்கத்துக்குப் போனது.

கசிவு வெளியான அன்றே சிஏஜி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பிரதமர் அலுவலகம் அதை வெளியிட்டது. அந்தக் கடிதத்தில் அவர், நாளிதழில் வெளியானவை மிகத் தொடக்க நிலையில் இருந்த கருத்துகள், இறுதிக்கு முந்தைய வரைவுகூட இல்லை, செய்தி மிகவும் தவறான எண்ணத்தைத் தருகிறது என்றார். இன்னொரு வரி அதைவிட முக்கியமானது: ஒதுக்கீடு பெற்றவருக்குக் கிடைத்த ஆதாயமும் அரசுக் கருவூலத்தின் இழப்பும் சமம் என்பது தங்கள் வாதமே அல்ல என்று எழுதினார். கணக்குப் போட்ட அமைப்பின் தலைவரே தன் எண்ணை எப்படிப் படிக்கக் கூடாது என்று எழுத்தில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அப்படித்தான் படித்தார்கள்.

ஐந்து மாதத்தில் எண் 10.67இலிருந்து 1.86 ஆனது. ஆறில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். அரசு நிறுவனங்களை விலக்கினார்கள்; நிலத்தடிச் சுரங்கங்களை விலக்கினார்கள்; தனியார் வசமிருந்த திறந்தவெளி, கலப்புச் சுரங்கங்கள் 57இல் எடுக்கத்தக்க நிலக்கரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நல்ல திருத்தங்கள். அரசுக்குப் பதில் சொல்ல வாய்ப்பு தந்து, கேட்டு, மாற்றியிருக்கிறார்கள். தணிக்கை இப்படித்தான் நடக்க வேண்டும். மார்ச்சில் 10.67ஐ முழங்கிய ஊடகங்களில், ஆகஸ்ட்டில் அது ஏன் இவ்வளவு சுருங்கியது என்பதை அதே அளவு இடம் ஒதுக்கி விளக்கியவை எத்தனை? ஏறக்குறைய ஒன்றுமில்லை. புது எண் பழைய எண்ணின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

295.41 எங்கிருந்து வந்தது

கோல் இந்தியாவின் திறந்தவெளிச் சுரங்க நிலக்கரியின் சராசரி விற்பனை விலை, 2010-11இல் டன்னுக்கு ரூ. 1,028.42. சராசரி உற்பத்திச் செலவு ரூ. 583.01. கடன், முதலீட்டுச் செலவுக்காக ரூ. 150. முதல் எண்ணிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 295.41 வருகிறது.

இது ஒளிவுமறைவில்லாத கணக்கு. அறிக்கையைத் திறந்தால் எல்லாம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு நுனியில் நிற்கும் கணக்கு என்று பாருங்கள். பல பத்தாண்டுகளாகச் சாலையும் ரயில் பாதையும் போட்டு இயங்கிவரும் கோல் இந்தியாவின் செலவை, இனிமேல்தான் நிலம் வாங்கிக் காடு திருத்த வேண்டிய புதுச் சுரங்கங்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். அங்கே செலவு டன்னுக்கு வெறும் நூறு ரூபாய் கூடினால் மொத்தத்தில் ரூ. 62,825 கோடி குறைந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: கோல் இந்தியாவின் விலையே சந்தை விலைக்குக் கீழேதான் இருந்தது. அதன் இணைய ஏலத்தில் நிலக்கரி இன்னும் அதிக விலைக்குப் போனது. அந்த விலையை வைத்திருந்தால் எண் பல மடங்கு பெருத்திருக்கும். ஆக, 1.86 என்பது மிகையாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். பின்னத்தையும் விடாமல் 295.41 என்று எழுதியதால் வரும் துல்லியத் தோற்றத்தை அதன் அடித்தளம் தாங்காது.

அடுத்தது காலம். 2010-11இல் இந்தியா முழுவதும் தோண்டிய நிலக்கரி சுமார் 53 கோடி டன். 628 கோடி டன் என்பது நாட்டின் அப்போதைய மொத்த உற்பத்தியில் கிட்டத்தட்ட 12 ஆண்டுக்கானது. இதை ஒரு நாளில் யாரும் தோண்டி விற்க முடியாது. ஒரு தென்னந்தோப்பில் அடுத்த 25 ஆண்டு காய்க்கப்போகும் தேங்காய்களை எல்லாம் இன்றைய விலையில் கூட்டி, தோப்பை விற்றவருக்கு இவ்வளவு நஷ்டம் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். 1,85,591 கோடியை 25 ஆண்டுக்குச் சமமாகப் பிரித்து, பின்னால் வரும் பணத்துக்கு இன்று மதிப்பு குறைவு என்பதால் ஆண்டுக்கு 10 சதவீதம் கழிவு வைத்தால் இன்றைய மதிப்பு சுமார் 67,000 கோடி. இது நானே போட்ட கணக்கு. நிலக்கரி விலை ஏறும் என்று கொண்டால் இது கூடும். சுரங்கம் திறக்கத் தாமதமானால் குறையும். 67,000 கோடிதான் சரி என்று நான் சொல்லவில்லை. காலத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்ற ஒரே கேள்வியில் எண் மூன்றில் ஒரு பங்காகிறது என்பதைக் காட்டவே இதைப் போட்டேன்.

அறிக்கையின் வாசகமும் கவனமானது. தனியாருக்கு இந்த அளவு நிதி ஆதாயம் கிடைக்க வாய்ப்புண்டு. ஏல முடிவை உரிய காலத்தில் செயல்படுத்தியிருந்தால் அதில் ஒரு பகுதி அரசுக்கு வந்திருக்கும். கிடைக்க வாய்ப்புண்டு. ஒரு பகுதி. செய்தித் தலைப்பில் இந்த இரண்டும் காணாமல் போயின. ஆதாயம் இழப்பாயிற்று, இழப்பு ஊழல் தொகையாயிற்று. 1.86 லட்சம் கோடி ஊழல் என்று கேட்ட ஒருவர், அவ்வளவு பணம் யாரோ சிலரின் பெட்டிக்குள் போய்விட்டது என்றுதானே நினைப்பார்?

தமிழ் வாசகருக்கு இது பழகிய பாதை. 2010 நவம்பரின் 2ஜி அலைக்கற்றை அறிக்கையில் சிஏஜி வெவ்வேறு முறைகளில் ரூ. 57,666 கோடியிலிருந்து ரூ. 1,76,645 கோடி வரை மதிப்பிட்டிருந்தது. ஊர் நினைவில் நின்றது மேல் எல்லை மட்டும். சிபிஐ குற்றப்பத்திரிகையில் சொன்ன ரூ. 30,984 கோடி யாருக்கும் நினைவில்லை. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தபோது, ஒரு தரப்பு 1.76 லட்சம் கோடியும் கற்பனை என்றது. மறுதரப்பு எண்ணையே குற்றத்தின் சாட்சியாகக் காட்டிக்கொண்டிருந்தது. உரிமங்கள் கொடுக்கப்பட்ட முறையை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியிலேயே சட்டவிரோதம் என்று சொல்லி 122 உரிமங்களை ரத்து செய்ததும், ஒரு குற்ற வழக்கில் சான்று போதவில்லை என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். எண்ணின் சத்தத்தில் இரண்டும் குழம்பிப்போயின.

சுழியம்

அரசின் மறுமொழியும் எண்ணைப் பிடித்தே வந்தது. அலைக்கற்றையில் இழப்பே இல்லை என்று 2011 ஜனவரியில் அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல் சொன்னார். நிலக்கரியில், 2012 ஆகஸ்ட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், நிலக்கரி இன்னும் பூமிக்குள்தான் இருக்கிறது, தோண்டாதபோது இழப்பு எங்கே என்று கேட்டார். கேட்க அழகான வாதம். ஆனால் சுரங்க உரிமையே விலைமதிப்புள்ள சொத்து. அது கையில் இருந்தால் வங்கிக் கடன் கிடைக்கும், பங்குதாரர் கிடைப்பார். இலவசமாகக் கொடுத்த உரிமைக்கு விலை சுழியம் என்பதும் 10.67 லட்சம் கோடி என்பதைப் போலவே ஒரு தப்புக்கணக்கு. பொருளாதாரம் நன்கு தெரிந்த ஒருவர் மக்கள் முன் இதைச் சொன்னது எனக்கு இன்றுவரை வருத்தம் தருகிறது.

ஆகஸ்ட் 27 அன்று பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இதைவிடப் பொறுப்பானது. சராசரிகளை வைத்துக் கூட்டியது சரியல்ல, ஒவ்வொரு சுரங்கத்தின் மண்ணமைப்பும் செலவும் வேறு, லாபத்தில் ஒரு பகுதி எப்படியும் வரியாக அரசுக்கு வரும் என்ற வாதங்கள் பதில் சொல்ல வேண்டியவை. அமளிக்கு நடுவே அவற்றைக் கேட்பார் இல்லை. மழைக்காலக் கூட்டத்தொடரின் பெரும்பகுதி வீணாயிற்று.

அதே சிஏஜி அறிக்கையில் இன்னொரு எண் இருந்தது. சொந்தப் பயன்பாட்டுக்காக ஒதுக்கிய சுரங்கங்களில் 86, 2010-11இல் 7.3 கோடி டன் தர வேண்டியிருந்தது. உற்பத்தி தொடங்கியவை 28. எடுத்தது 3.464 கோடி டன். நாட்டின் மின் பற்றாக்குறையைக் காரணம் காட்டித்தான் அவசர அவசரமாகச் சுரங்கங்களைக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து ஒரு டன்கூட வரவில்லை. தமிழ்நாட்டில் அப்போது ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு. இந்தக் கணக்கில் யூகம் ஏதும் இல்லை. எண்ணிப் பார்த்த எண். அரசை உலுக்கியிருக்க வேண்டியது இதுதான். விவாத மேடைகளில் இதை நான் கேட்டதாக நினைவில்லை.

நீதிமன்றம் எடுத்துக்கொண்டது எதை

2014 ஆகஸ்ட் 25 அன்று தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான அமர்வு, 1993 முதல் நடந்த ஒதுக்கீடுகள் தன்னிச்சையானவை, சட்டவிரோதமானவை என்று தீர்ப்பளித்தது. 1.86 என்ற எண்ணின் மேல் அல்ல, நடைமுறையின் மேல் நின்றது அந்தத் தீர்ப்பு. ஸ்கிரீனிங் கமிட்டியின் 36 கூட்டங்களையும் எடுத்து, விதி எங்கே, ஒப்பீடு எங்கே, காரணம் எங்கே என்று பார்த்தது. பல கட்சிகளின் ஆட்சிக் காலமும் அதில் அடங்கியது. செப்டம்பர் 24 அன்று, பரிசீலித்த 218 சுரங்கங்களில் நான்கு நீங்கலாக எல்லாம் ரத்தாயின.

அதே உத்தரவில் 295 ரூபாய் திரும்ப வந்தது. ஏற்கெனவே நிலக்கரி எடுத்தவர்கள், எடுத்த ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 295 கூடுதலாகக் கட்ட வேண்டும். சிஏஜியின் மதிப்பீடே இதற்கு அடிப்படை என்றது நீதிமன்றம். சிஏஜி 295ஐ மண்ணுக்கடியில் இருந்த நிலக்கரியோடு பெருக்கியது. நீதிமன்றம் வெளியே வந்த நிலக்கரியோடு பெருக்கியது. 2010-11இல் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து எடுத்த 3.464 கோடி டன்னுக்கு இந்த விகிதத்தில் சுமார் 1,022 கோடி ரூபாய் வருகிறது. முதல் எண் ஒரு சொத்தின் முழு ஆயுளுக்கான மதிப்பீடு. இரண்டாவது ஓர் ஆண்டில் உண்மையில் கைமாறிய லாபத்தின் மதிப்பீடு. கொள்கையை விவாதிக்க முதல் எண் பயன்படும். எவ்வளவு போயிற்று என்று கேட்டால் இரண்டாவது வகை எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

அதே பெருக்கல், புதிய அரசு

2015 தொடக்கத்தில் புதிய அரசு ஏலம் நடத்தியது. மார்ச்சுக்குள் சுமார் முப்பது சுரங்கங்களிலேயே தொகை 2 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது, சிஏஜி சொன்னது மெய்யாகிவிட்டது என்று அறிவித்தார்கள். தலைப்புகளும் அப்படியே வந்தன. வருவாய், வசூல், கஜானாவுக்கு வந்தது என்றெல்லாம் எழுதினார்கள்.

எதுவும் வந்துவிடவில்லை. அது சுரங்கங்களின் முழு ஆயுளுக்கும், ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கு, வரக்கூடிய தொகையின் மதிப்பீடு. இன்றைய மதிப்புக்குக் கழிவு செய்யப்படவில்லை. அந்தக் கூட்டலில் ராயல்டியும், அதாவது தோண்டும் கனிமத்துக்காக மாநிலத்துக்குக் கட்டும் தொகையும், இருந்தது. 2012 முதல் நிலக்கரிக்கு ராயல்டி 14 சதவீதம். ஏலம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாநிலங்களுக்கு வந்திருக்கும் பணம் அது. ஏலத்தால் கூடுதலாக வந்தது எவ்வளவு என்று கேட்டால் அதைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும். சிஏஜியின் 1.86இல் ராயல்டி என்ற இனமே இல்லை. ஒப்பிடவே கூடாத இரண்டு எண்களை அருகருகே வைத்து, ஒன்று இன்னொன்றை நிரூபித்தது என்றார்கள்.

2012இல் சிஏஜியின் மதிப்பீட்டை வெறும் யூகம் என்று சொன்ன கட்சிக்காரர்கள் 2015இல் கழிவு, காலம், நிகழ்கால மதிப்பு பற்றியெல்லாம் சரியாகப் பேசினார்கள். 2012இல் ஒவ்வொரு ரூபாயும் கொள்ளை என்றவர்கள் 2015இல் முப்பது ஆண்டு வருவாயை அன்றைய வருவாயாகச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் கணக்கு தெரியும். இடத்தை மாற்றி நின்றார்கள். இதை மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி அறைகள் இரண்டு முறையும் அறிவிப்பில் இருந்த பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டன.

ஏலம் ஒதுக்கீட்டைவிட நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதையும் அதன் நடைமுறையை வைத்தே எடைபோட வேண்டும். அதைச் செய்ததும் அதே சிஏஜிதான். 2016 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில், முதல் இரண்டு சுற்றுகளில் ஏலம் போன 29 சுரங்கங்களில் 11இல் போதிய போட்டி இருந்தது என்று உறுதி சொல்ல முடியவில்லை என்றது. தொழில்நுட்பத் தகுதி பெற்றவர்களில் அதிக விலை சொன்ன பாதிப்பேர், அல்லது குறைந்தது ஐந்து பேர், இறுதிச் சுற்றுக்குப் போகலாம் என்பது விதி. ஒரே குழுமத்தின் நிறுவனங்கள் தனித்தனியாகவும் கூட்டாகவும் விலை கேட்கத் தடை இல்லாததால், அந்த ஐந்து இடங்களில் ஒரே வீட்டார் பலர் உட்கார முடிந்தது. மூன்றாம் சுற்றில் அமைச்சகம் அந்த விதியை இறுக்கியது.

அந்த அறிக்கையில் லட்சம் கோடிகளில் ஓர் எண் இல்லை. அதற்காக எந்தக் கூட்டத்தொடரும் முடங்கவில்லை. 11 சுரங்கங்கள் எவை, இறுதிச் சுற்றில் யார் யாரோடு போட்டியிட்டார்கள், விதியை இறுக்கியபின் போட்டி கூடியதா என்பதெல்லாம் அறிக்கையைத் திறந்து படிக்க ஆள் இருந்தால் இன்றும் எழுதக்கூடிய செய்தி.